தேனீயைச் சோதிக்கக் கிளம்பும் புதியவர்கள் செய்யும் தவறுகள்

தேனீ யோசிக்கிறதா, எறும்புக்கு உணர்வு உண்டா என்று ஆர்வத்தோடு இறங்குகிறவர்கள், நாங்கள் எல்லாம் தொடக்கத்தில் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். குறிப்பேடு வை, எண்ணிக்கையை எழுது என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

செயற்கைப் பூவைத் துடைக்காமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பம்பிள் தேனீக்கு (உடல் பருத்த, மயிரடர்ந்த தேனீ வகை) செயற்கைப் பூவாக வைக்கும் நீலச் சில்லில் சர்க்கரைக் கரைசலும் மஞ்சளில் கசக்கும் குவினைனும் வைத்துப் பழக்குகிறோம், கொஞ்ச நேரத்தில் அது நேராக நீலத்துக்கே போகிறது. உடனே 'நிறத்தைக் கற்றுக்கொண்டது' என்று எழுதிவிடக் கூடாது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் தேனீயின் கால்கள் மெல்லிய மெழுகுத் தடம் ஒன்றை விட்டுப்போகும். அதற்கு வாசனை உண்டு, அடுத்து வரும் தேனீ அதை மோந்தே முடிவெடுக்கலாம். ஒரு மாணவர் வீடியோ காட்டினார்: ஒரு தேனீ சரியான சில்லைக் கண்டுபிடிக்கிறது, அதன்பின் கூட்டிலிருந்து வரும் புதுத் தேனீயும் தயங்காமல் அதிலேயே இறங்குகிறது. "ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்குது சார்" என்றார். நடுவில் துடைத்தீர்களா என்று கேட்டேன், முகம் மாறிவிட்டது. அந்தப் பருவத்துத் தரவு முழுக்கப் போச்சு, பம்பிள் தேனீக் கூட்டம் சில மாதங்களில் தானே அழிந்துவிடும் என்பதால் அதே கூட்டத்தை வைத்துத் திரும்பச் செய்யவும் வழியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனாலில் துடைத்துக் காயவிடுங்கள், சில்லுகளை இடம் மாற்றுங்கள், கடைசிச் சோதனையில் எல்லாவற்றிலும் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும்.

நம் கண்ணுக்குப் பிடித்த நிறம்

தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, புறஊதா தெரியும். நமக்கு ஒரே வெள்ளையாக இருக்கும் இரண்டு தாள்கள் அதற்கு வேறு வேறாகத் தெரியலாம்.

'சின்ன மூளைதானே'

தேனீயின் மூளையில் சுமார் 10 லட்சம் நியூரான்கள் (நரம்புச் செல்கள்). கற்றுக்கொள்ள அது போதும்.

உருட்டினால் மகிழ்ச்சி என்பது

2022இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வில் பம்பிள் தேனீக்கள் எந்தப் பரிசும் இல்லாமலே சிறு உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டின, இளசுகள் கூடுதலாக. விளையாட்டுக்கான அடையாளங்கள் பல அதில் இருந்தன, சரி. ஆனால் உள்ளே அதற்கு எப்படி இருந்தது என்று அந்தச் சோதனை அளக்கவில்லை, அளந்ததுபோல எழுதாதீர்கள்.

எந்திரம் என்று ஒதுக்குவது

பூச்சி யோசிக்காத வெறும் எந்திரம் என்று காட்ட எல்லோரும் இழுப்பது பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ரேயின் குளவியை. குளவி வளைவாயிலில் வைத்த சுவர்க்கோழியை (கிரிக்கெட் பூச்சி) அவர் தள்ளித் தள்ளி வைக்க, குளவி ஒவ்வொரு முறையும் இரையை வாயிலுக்கு இழுத்துவந்து வைத்துவிட்டு வளைக்குள் போய்ப் பார்த்ததாம், நாற்பது முறை. அதே ஃபாப்ரே இன்னொரு கூட்டத்தில் இதைச் செய்துபார்த்தபோது குளவிகள் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு இரையை நேராக உள்ளே இழுத்துப் போய்விட்டன. அதையும் அவரே எழுதியிருக்கிறார், மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வரை போவதில்லை.