தோள் இறங்க ஒரு சுவர் போதும்

22 ஆண்டுகளாகத் தையல் மிஷின் முன் குனிந்தே உட்கார்ந்திருப்பவள் நான். மாலையானால் தோள்கள் காதை நோக்கி ஏறி நிற்கும். அது எனக்கே தெரியாது. பழகிவிட்ட இறுக்கத்தை உடம்பு சொல்வதில்லை.

ஆகவே முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாயில் மல்லாந்து படுங்கள். தோள்களை வேண்டுமென்றே காதுவரை தூக்கி 5 நொடி இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பிறகு விட்டுவிடுங்கள். கழுத்தோரம் கதகதப்பாக ஏதோ இறங்கும், அதைக் கவனியுங்கள். கை, கால், முகம் என்று இப்படியே. தாடையை மறக்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பவர்கள் எத்தனை பேர்!

அடுத்து விபரீதகரணி, கால்களை மேலே ஏற்றிப் படுக்கும் யோகாசனம். எனக்கு மிகவும் பிடித்தது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே திரும்பிப் படுத்துக் கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். இடுப்புக்கு அடியில் நான்காக மடித்த பழைய நூல்புடவை. தொடையின் பின்புறம் இழுத்தால் ஒரு சாண் தள்ளிப் படுங்கள். முழங்கால் மடங்கினாலும் தவறில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வேலையே இல்லை. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். 5 நிமிடம் போதும்.

சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. கண் அழுத்த நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

எழும்போது முழங்காலை மடக்கி, வலப்பக்கம் புரண்டு, சற்று நேரம் அப்படியே கிடந்து, கையை ஊன்றி எழுங்கள். தலை கடைசியாக நிமிரட்டும்.