பொம்மையில் பழகும்போது கையில் பதிந்துவிடும் தவறுகள்

இன்டுபேஷன் (வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்துவது) பழகும் பொம்மைக்குப் பல் உடையாது, ரத்தம் வராது, எவ்வளவு நேரம் டியூபோடு போராடினாலும் ஆக்சிஜன் அளவு தானாக இறங்காது. அதனால் தவறு தவறென்றே தெரியாமல் பழக்கமாகிவிடுகிறது.

அடிக்கடி காண்பது, நாக்கைத் தூக்கிக் குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை நெம்புவது. வளைந்த பிளேடை இடது கையில் பிடித்து, வாயின் வலது ஓரமாக நுழைத்து, நாக்கை இடப்புறம் ஒதுக்கி, நுனியை நாக்கின் அடிக்கும் எபிகிளாட்டிஸுக்கும் (குரல்வளை மூடி) நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்தபின், கைப்பிடி நீண்டிருக்கும் திசையிலேயே தூக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கினால் பாரம் முழுவதும் மேற்பல்லில் இறங்கும். பல பொம்மைகளில் பல் அழுந்தினால் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால், டியூப் சரியாகப் போயிருந்தாலும் அது தோல்விதான்.

உலர்ந்த ரப்பர் தொண்டையில் டியூப் சிக்கும். அதைப் பலவந்தமாகத் தள்ளிப் பழகிய கை நோயாளியின் குரல்நாணைக் கிழிக்கும். பொம்மைக்கென்று தரும் லூப்ரிகண்டை ஒவ்வொரு முறையும் தடவுங்கள். ஸ்டைலெட் (டியூபை விறைப்பாக்க உள்ளே விடும் கம்பி) டியூபின் நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆம்பு பேகை (மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் பை) முழுக்கப் பிழிவதும் அப்படித்தான். பெரியவருக்கு ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மில்லிலிட்டர் போதும். பேகிலோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காற்று இருக்கிறது. மிச்சம் வயிற்றுக்குப் போகும், வாந்தி மேலேறும். மாஸ்க்கை முகத்தில் அமுக்குவதும் கூடாது, தாடையைத்தான் மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும்.

மார்பு ஏறுவதைப் பார்த்ததும் ‘முடிந்தது’ என்று எழுந்துவிடுகிறார்கள். டியூப் உணவுக்குழாயில் இருந்தாலும் மார்பு ஏறுவதுபோல் தெரியலாம், ஓரிரு மூச்சுக்குக் கார்பன் டை ஆக்சைடுகூட வந்து மறையலாம். குறைந்தது ஏழு மூச்சுக்குக் கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) காட்டும் அலை நிலைத்து வருகிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். பொம்மை அந்த வாயுவை வெளிவிடாவிட்டால், பயிற்றுநர் அலையைத் திரையில் காட்டட்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தனியாளாகப் பழகுவது. 2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்பவர் சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து பெற்றார். மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் டியூப் போடவே முயன்றார்கள். நர்ஸ் ஒருவர் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது) செட்டையே கொண்டுவந்தும் அது பயன்படவில்லை, எலைன் பிழைக்கவில்லை. ஆகவே நர்ஸையும் உதவியாளரையும் சேர்த்தே பயிற்சி நடத்துங்கள். ஆக்சிஜன் அளவைப் பயிற்றுநர் படிப்படியாக இறக்க வேண்டும், உதவியாளர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 2015 வழிகாட்டியின்படி மூன்று முயற்சி, கூடுதல் அனுபவமுள்ளவர் வந்தால் இன்னொன்று. அதோடு நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

டியூபும் போகவில்லை, வேறு எந்த வழியிலும் ஆக்சிஜன் ஏற்ற முடியவில்லை என்றால் கழுத்தில் கீறுவதுதான் கடைசி வழி: 10ஆம் எண் அறுவைக் கத்தி பிளேடு, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), 6 மில்லிமீட்டர் டியூப். பயிற்சியில் முந்தையவர் கீறிய துளையிலேயே அடுத்தவரும் நுழைப்பது பயனற்றது. ஒவ்வொருவருக்கும் புதுத் தோல் மாட்டுங்கள். சில சுற்றுகளில் தோலுக்கடியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பருத்த கழுத்தாக்குங்கள். தொட்டால் இடம் தெரியாத கழுத்தில் நடுக்கோட்டில் கீழிருந்து மேலாக 8 முதல் 10 சென்டிமீட்டர் கீறி, விரலால் விலக்கிக் குரல்வளையைத் தேடும் பழக்கம் அப்போதுதான் வரும்.