ஸ்பாஞ்சைப் பளிச்சென்று கழுவியதில் செத்த மீன்கள்

சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் 60 லிட்டர் மீன் தொட்டி, ஆறு மோலி மீன், ஒரு சின்ன கோல்டு ஃபிஷ். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. போன மாசியில் ஐந்தே நாளில் நான்கு மோலி போயின. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, செதிலும் உதிரவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மட்டும் ரத்தச் சிவப்பு.

கடைக்கார அண்ணன், “இதை ஊத்துங்க தம்பி, சரியாயிடும்” என்று நீல மருந்தைக் கொடுத்தார். ஐந்தாவதும் போனது. தொட்டி ஓரத்து சிலிக்கானில் அந்த நீலக் கறை இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் அமோனியா டெஸ்ட் கிட் வாங்கினேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சையானது, அதாவது தொட்டியில் அமோனியா ஏறியிருந்தது. யோசித்தால், முந்தின வாரம் குழாயில் குளோரின் கலந்த மேட்டூர் தண்ணீர் வந்த அன்று, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று ஆகும்வரை பிழிந்திருக்கிறேன். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பழுப்பு அழுக்கில்தான் குடியிருக்கும். குளோரின் தண்ணீரில் அதைக் காலி செய்துவிட்டேன். போதாததற்குத் தொட்டியில் போர் தண்ணீரும் கலந்திருந்தது, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8க்கு மேல். பிஎச் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும்.

இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து. நண்பர் வீட்டுத் தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி வந்ததுதான் பெரிய உதவி. பத்து நாளில் கிட் மறுபடி மஞ்சள்.

இப்போதெல்லாம் தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு பிழி, அவ்வளவுதான். அந்தக் கஷாயம் செம்பருத்திக்கு.