வாய்ஸ் பாட் எண் கேட்கும்போது

டைப் செய்து பேசும் சாட்பாட்டுக்கு எழுதிய உரையாடலை அப்படியே, போனில் குரலில் பேசும் தானியங்கி நிரலான வாய்ஸ் பாட்டுக்கு மாற்றினால் முதலில் சிக்குவது எண்கள்தான். டைப் செய்யும் இடத்தில் பத்து இலக்க மொபைல் எண்ணைக் கேட்பது ஒரு வரி வேலை. போனில் அப்படியில்லை. சாதாரண அழைப்பில் குரல் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடந்து வருகிறது; பின்னால் பஸ் ஹாரன் வேறு. நம் ஆட்கள் எண் சொல்லும் விதமும் ஒன்றல்ல. "தொண்ணூத்தெட்டு நாப்பது" என்பார் ஒருவர், "நைன் எயிட் டபுள் ஃபோர்" என்பார் இன்னொருவர். "இருங்க, மாத்திச் சொல்லிட்டேன்" என்று பாதியில் நிறுத்துபவரும் உண்டு.

அதனால் நீளமான எண் என்றால் கீபேடில் அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் குறிப்பிட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்து போவதால் இரைச்சலிலும் தப்பு குறைவு. 1963-ல் அமெரிக்காவில் அறிமுகமான பழைய நுட்பம்தான், ஆனால் இந்த வேலைக்கு இன்னும் கெட்டி. கார்டு எண்ணைக் கூட்டத்தில் நின்று சத்தமாகச் சொல்லவும் வேண்டாம் பாருங்கள்.

வாயால்தான் சொல்வேன் என்பவரைத் தடுக்காதீர்கள். இலக்கங்களுக்கு நடுவே அவர் மூச்சுவிடுவதைப் பேச்சு முடிந்ததாக பாட் எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அப்புறம், கேட்டதை பாட் மூன்று நான்கு இலக்கங்களாகப் பிரித்துத் திருப்பிச் சொல்லட்டும். இரண்டு முறை தவறினால் கால் சென்டர் ஏஜென்ட்டுக்கு மாற்றிவிடுங்கள், அதுவரை கிடைத்த விவரம் அவர் திரையில் தெரியும்படி.