ஆவணக் காப்பாளர் சங்கத்தின் வருடத் திட்டம்: முதலில் மழையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சங்கத்தின் வருடத் திட்டத்தை எழுத உட்காரும்போது, ஒன்றும் நடக்காத நாட்களை முதலில் கலண்டரில் வெட்டிவிடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்குள் கூட்டம் வைத்தால் தலைவரும் செயலாளரும்தான் வருவார்கள், அதுவும் சந்தேகம்.

கூடக் கவனிக்க வேண்டியது மாரி. எங்களுக்குப் பெரும்பங்கு மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான். காற்றில் ஈரம் ஏறிய அந்த மாதங்களில் ஏட்டுச்சுவடிகளையும் பழைய கடிதக் கட்டுகளையும் வெளியே எடுத்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வீடுவீடாகச் சேகரிப்பது, சுவடி துப்புரவாக்குவது, ஸ்கேன் செய்வது எல்லாவற்றையும் மாசிக்கும் ஆனிக்கும் இடையில் போடுங்கள். புரட்டாசி முடியுமுன் கூரை ஒழுக்கைப் பார்த்து, நிலத்தில் கிடக்கும் பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். மாரிக்குப் பட்டியல் திருத்தம், கணக்கு போன்ற மேசை வேலை போதும்.

பொது நிகழ்வுக்கு நல்ல நாள் ஜூன் 9, சர்வதேச ஆவணக் காப்பக தினம். யாழ் நூலகம் 1981இல் எரிந்ததும் ஜூன் தொடக்கத்தில்தான். ஊரில் அந்தப் பேச்சு எப்படியும் இருக்கும். சனசமூக நிலையங்களையும் கோயில் பரிபாலன சபைகளையும் அன்று கூப்பிட்டு, பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேச்சாளர்களைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள். யார் எப்போது வெளிநாடு போவார் என்று சொல்ல முடியாது. ஸ்கேன் பிரதிகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றையாவது யாழ்ப்பாணத்துக்கு வெளியே வைக்கும் திகதியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.