உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியில் இழைப் புரத ஸ்டெயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பி.ஜி. மாணவி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "மேடம், எஸ்.எம்.ஏ. பாசிட்டிவ். அப்போ மயோஎபிதீலியல் செல் இருக்கு" என்றார். எஸ்.எம்.ஏ. என்பது தசை ஆக்டின் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஸ்டெயின்; பிடித்த இடம் பழுப்பாகத் தெரியும், அதைத்தான் பாசிட்டிவ் என்கிறோம். மயோஎபிதீலியல் செல் என்பது சுரப்பிக் குழாயின் வெளி அடுக்கில் உட்கார்ந்து, சுருங்கி உமிழ்நீரைத் தள்ளும் செல். நான் படிக்கும் காலத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லி ஒரு நோயாளியைத் தவறான பாதையில் அனுப்பப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்லைடு எண் மாறுவது, கன்ட்ரோல் வைக்க மறப்பது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

முதலில் அடிப்படை. செல்லுக்குள் மூன்று வகை இழைகள் உண்டு. ஆக்டின் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன், மைக்ரோடியூபூல் சுமார் 25, நடுவில் 10 நானோமீட்டர் அளவில் இடைநிலை இழைகள். கெராட்டின் (எபிதீலியல் செல்களின் இழை), வைமென்டின் (இணைப்புத் திசுச் செல்களின் இழை), ஜி.எஃப்.ஏ.பி. (மூளையின் துணைச் செல்களில் பேர்போன இழை) மூன்றும் இந்த நடு வகை. கெராட்டின் தனியாக இழையாகாது. அமில வகை ஒன்றும் கார வகை ஒன்றும் ஜோடி சேர வேண்டும். கெராட்டின்களுக்கு எண்தான் பெயர். சுரப்பிக் குழாயின் உள் அடுக்கில் 7, 8, 18, 19. வெளி அடுக்கிலுள்ள பேசல் செல்களிலும் மயோஎபிதீலியல் செல்களிலும் 5, 14. மயோஎபிதீலியல் செல்லில் இவற்றோடு தசைச் செல்லில் இருப்பது போன்ற ஆக்டினும் உண்டு. எஸ்.எம்.ஏ. பிடிப்பது அந்த ஆக்டினைத்தான்.

"கெராட்டின் பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதுவது

எந்தக் கெராட்டின், எந்த அடுக்கில் என்று எழுதுங்கள்.

ஆக்டினை மட்டும் நம்புவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

அன்று வந்தது அண்ணத்திலிருந்து எடுத்த ஒரு சின்ன பயாப்ஸி. செல்கள் கூடு கூடாக இருந்தன, சில இடங்களில் சல்லடை போல ஓட்டைகள். நரம்பைச் சுற்றியும் கட்டி ஓடியிருந்தது. எஸ்.எம்.ஏ. போட்டேன். ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் அழகான பழுப்பு வளையம். உள்ளே குழாய்ச் செல், வெளியே மயோஎபிதீலியல் செல், ஆக இது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, அதாவது பிடிவாதமாகத் திரும்பி வரும் புற்றுநோய், என்று எழுதிவிட்டேன். அகலமான அறுவை, அப்புறம் ரேடியேஷன் என்று திட்டம் தயாரானது. அண்ணத்தில் விழப்போகும் ஓட்டையை மூடும் பிளேட்டுக்கு அந்த அம்மாவின் வாயில் அச்சுகூட எடுத்துவிட்டார்கள்.

வேறொரு இடத்தில் ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த வளையம் கட்டியுடையதே இல்லை. கட்டியைச் சுற்றியிருந்த திசுவின் மயோஃபைப்ரோபிளாஸ்டுகள் (தசைச் செல் போலச் சுருங்கும் நார்த்திசுச் செல்கள்) அவை. அவற்றிலும், ரத்தக் குழாய்ச் சுவரிலும் இதே ஆக்டின் உண்டு. கட்டி பாலிமார்ஃபஸ் அடினோகார்சினோமா. பெரும்பாலும் மெதுவாகப் போகிற ஒன்று. நரம்பைச் சுற்றி ஓடுவது இரண்டு கட்டிகளுக்கும் பழக்கம், அது தீர்ப்புச் சொல்லாது. சாதாரண எச்.இ. (வழக்கமான நீல-இளஞ்சிவப்புச் சாயம்) ஸ்லைடிலேயே நியூக்ளியஸ்கள் வெளிறி, எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. அதைப் பார்த்தும், பழுப்பு நிறத்தைப் பார்த்த அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்வது இது. 40 எக்ஸ் லென்ஸில் வளையத்தின் உள்விளிம்பைப் பார்ப்பேன். மயோஎபிதீலியல் செல் கூட்டின் உள்ளேயே, பக்கத்துச் செல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். மயோஃபைப்ரோபிளாஸ்டுக்கும் கூட்டுக்கும் நடுவே மெல்லிய வெளிறிய கோடு தெரியும், அதன் நியூக்ளியஸும் நீண்டு மெலிந்திருக்கும். அப்புறம் அதே பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்த திசு) அடுத்தடுத்து 3 மைக்ரான் வெட்டுகளில் கெராட்டின் 14, அதோடு பேசல், மயோஎபிதீலியல் செல்களின் நியூக்ளியஸில் ஏறும் பி63, பி40 போட்டு, அதே கூட்டைத் தேடி ஒப்பிடுவேன். மயோஃபைப்ரோபிளாஸ்டில் இவை ஏறாது. அடினாய்டு சிஸ்டிக்கில் பி63, பி40 இரண்டும் வெளி அடுக்கில் வரும். பாலிமார்ஃபஸில் வழக்கமாக பி63 வரும், பி40 வராது. கால்போனின் (ஆக்டினோடு ஒட்டும் இன்னொரு தசைப் புரதம்) போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் மயோஃபைப்ரோபிளாஸ்டைப் பிடிக்கும், ஜாக்கிரதை.

வைமென்டின் பாசிட்டிவ் என்றதும் சார்கோமா என்பது

இல்லை. சார்கோமா இணைப்புத் திசுவின் புற்றுநோய்; ஆனால் மயோஎபிதீலியல் கட்டிகளிலும் வைமென்டின் சர்வ சாதாரணம்.

ஜி.எஃப்.ஏ.பி.யை மூளைக்கு மட்டும் ஒதுக்குவது

உமிழ்நீர்ச் சுரப்பியில் அதிகம் வரும் கட்டியான பிளியோமார்ஃபிக் அடினோமாவில், கொழகொழவென்றிருக்கும் பகுதிகளில் இது நன்றாக ஏறும். பாலிமார்ஃபஸில் பெரும்பாலும் ஏறாது. அண்ணத்து பயாப்ஸியில் இந்த இரண்டுக்கும் நடுவே திணறும்போது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பயோட்டினை மறப்பது

உமிழ்நீர்ச் சுரப்பியின் கோடு போட்ட குழாய்ச் செல்களிலும், காதுக்கு முன்னாலுள்ள பரோட்டிட் சுரப்பியின் சாதுவான கட்டியான வார்த்தின் கட்டியிலும் மைட்டோகாண்ட்ரியா நிறைய. அதனால் அங்கே செல்லின் சொந்த பயோட்டினும் (ஒரு பி வைட்டமின்) அதிகம். பயோட்டினைக் கொண்டே பழுப்பு நிறம் வரவைக்கும் அவிடின்-பயோட்டின் முறையில் ஆன்டிபாடியே இல்லாமலும் பழுப்பு வரும். பயோட்டின் தேவைப்படாத பாலிமர் முறைக்கு மாறுங்கள்.

பரோட்டிடில் கெராட்டின் 20 வந்தால் அங்கேயே பிறந்த கட்டி என்று முடிவு கட்டுவது

சிறு செல் கட்டியில் கெராட்டின் 20 நியூக்ளியஸ் பக்கத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். பரோட்டிடில் தோன்றும் சிறு செல் கார்சினோமாவிலும் இந்தப் புள்ளி வரலாம், தோலின் மெர்க்கெல் செல் கார்சினோமாவிலும் வரும். தலை, முகத் தோலின் நிணநீர் வடியும் முடிச்சுகள் பரோட்டிடுக்குள்ளேயே இருக்கின்றன, அதனால் தோல் கட்டி அங்கே பரவியும் வந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். நெற்றியிலோ உச்சந்தலையிலோ சிவந்த முடிச்சு எதையாவது முன்பு வெட்டி எடுத்தார்களா என்று கேளுங்கள்.