லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எக்ஸ்டெண்டட் எடிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்று படங்களையும் இதுவரை பார்த்ததே இல்லை, நேரா எக்ஸ்டெண்டட் எடிஷனிலேயே ஆரம்பிக்கட்டுமா?" என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தியேட்டரில் வராத காட்சிகளைச் சேர்த்த அந்த நீளமான பதிப்பின் மேல் எனக்கு உயிர். இருந்தும் அதுதான் என் பதில்.

காரணம் சொல்ல மூன்றாம் படத்தில் ஒரே ஓர் இடம் போதும். மலைக்குள் இருக்கும் இறந்தோர் படையிடம், நாயகர்களில் ஒருவனான அரகார்ன் உதவி கேட்கிறான். தியேட்டர் பதிப்பில் அவர்கள் பதில் சொல்வதற்குள் காட்சி மாறிவிடும். பிறகு போர்க்களத்தில், எதிரியின் கப்பல்கள் கரை சேர்கின்றன என்று நாம் பதறும்போது, அதிலிருந்து அரகார்ன் குதிக்கிறான். பின்னாலேயே பச்சையாக மினுங்கும் அந்தப் படை. உடம்பு சிலிர்த்துவிடும். எக்ஸ்டெண்டட் எடிஷனிலோ, அவர்கள் சம்மதிப்பதும் கப்பல்களை மறிப்பதும் முன்பே வந்துவிடுகின்றன. கதை தெரிந்தவருக்கு விருந்து. புதியவருக்கு அந்த ஆச்சரியமே போய்விடும்.

நீளமானதுதான் இயக்குநரின் அசல் படம் என்று நினைப்பதும் தவறு. தியேட்டர் பதிப்புகளையே முழுமையானவையாகக் கருதுவதாகப் பீட்டர் ஜாக்சன் சொல்லியிருக்கிறார். மூன்றாம் படம் 11 ஆஸ்கர் வாங்கியதும் அந்தப் பதிப்புக்குத்தான்.

அதற்காக எக்ஸ்டெண்டட் எடிஷனைத் தவறவிட்டுவிடாதீர்கள். இரண்டாம் படத்தில் போரமிரும் ஃபாரமிரும் வெற்றியைக் கொண்டாடும்போது அப்பா டெனதோர் வருவார். மூத்தவனைக் கட்டிக்கொள்வார், இளையவனை மட்டம் தட்டுவார். தியேட்டரில் இந்தக் காட்சி கிடையாது. இதைப் பார்த்தபின், மூன்றாம் படத்தில் ஃபாரமிர் அப்பாவின் முன் நிற்கும்போது மனசு கனத்துவிடும். தீய மந்திரவாதி சாருமானின் முடிவும் மூன்றாம் படத்தின் எக்ஸ்டெண்டட் எடிஷனில்தான் இருக்கிறது. சேர்த்த காட்சிகளுக்காக ஹோவர்ட் ஷோர் புதிதாக இசையும் அமைத்தார்.

பெயரை மட்டும் நம்பி டிஸ்க் வாங்காதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஓடிடியிலும் இதே கதைதான். தியேட்டரில் 178, 179, 201 நிமிடங்கள். நீட்டிய பின் 208, 223, 251. அட்டையில் 228, 235, 263 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், ரசிகர் மன்றத்தாரின் பெயர்கள் கடைசியில் ஓடும் நேரமும் அதில் சேர்த்தி. 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடி, சினிமாவின் 24க்குப் பதில் நொடிக்கு 25 பிரேம் ஓடும், அதனால் சில நிமிடம் குறைவாகக் காட்டும். எதையும் வெட்டவில்லை.

2011இல் வந்த ப்ளூ-ரேயில் முதல் படம் மட்டும் லேசாகப் பச்சை தட்டியிருக்கும். பனிக்காட்சிகளில் அப்பட்டமாகத் தெரியும். 2020இன் 4கே தொகுப்பில் இரண்டு பதிப்புகளும் உண்டு, ஆனால் படம் உருவான விதத்தைச் சொல்லும் அந்த அருமையான ஆவணப்படங்கள் கிடையாது. 4கே வாங்கியாச்சே என்று பழைய டிஸ்க்குகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: இதன் முன்கதையான ஹாபிட் வரிசையின் மூன்றாம் படத்தின் எக்ஸ்டெண்டட் எடிஷனுக்கு அமெரிக்காவில் வன்முறைக்காக 'ஆர்' சான்று (17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) கொடுத்தார்கள். தியேட்டர் பதிப்புக்கு அதைவிடத் தளர்வான 'பிஜி-13' தான்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று உட்காராதீர்கள். பெயர்ப் பட்டியலை விட்டாலே 11 மணி 22 நிமிடம். கடைசிப் படம் வரும்போது கண் சொருகிவிடும். முதல் படத்தின் முதல் டிஸ்க், ரிவென்டெல் என்ற இடத்தில் கூடும் சபையில் பயணக் குழுவின் ஒன்பது பேரும் சேரும் இடத்தில் முடியும். அங்கே நிறுத்தி, மீதியை மறுநாள் போடுங்கள்.